வரைவு விதி 31: ஒரு கைப்பிடி வல்லாரை

"என்னம்மா, தோடு விழுந்துட்டுதோ?"

"தோடு ரெண்டும் காதுலதான் இருக்கு. இங்க வந்து பாருங்க, வல்லாரை!"

"வல்லாரையோ? நியூசிலாந்திலயோ?"

"நான் என்ன திருச்சியிலேருந்து கொண்டுவந்து நட்டேனா? தானா முளைச்சிருக்கு. இலை கொஞ்சம் சின்னது, ஆனா அதே கசப்பு. ஒரு பிடி கொண்டு போங்க. வீட்டம்மாகிட்ட சொல்லி துவையல் அரைக்கச் சொல்லுங்க."

"அவ இல்லை. ஒன்பது வருசமாச்சு."

"ஓ. என் வீட்டுக்காரரும் இல்ல. ஆறு வருஷம். அப்ப நீங்களே அரைங்க. மிக்ஸி இருக்குல்ல?"

"நாங்கள் அரைக்கிறேல்லை. பச்சையா அரிஞ்சு சம்பல் போடுறது."

"பச்சையாவா? ஆட்டுக்குப் போடற மாதிரியா?"

இந்தப் பேச்சு நடந்து இரண்டரை வருடம் ஆகிறது. ஆக்லாந்தின் புறநகரான ரானுயியில் ஓடைக்கரைப் பூங்காவில், ஒரு காலை ஏழு மணிக்கு, புல்லில் மண்டியிட்டிருந்த பங்கஜத்துக்கும் நடக்க வந்த செல்வரத்தினத்துக்கும் இடையில் நடந்தது. செல்வரத்தினத்துக்கு அதில் ஒரு சொல்கூட மறக்கவில்லை. வல்லாரை தின்றதால் வந்த ஞாபகமா, வேறு காரணமா என்பதை இந்தக் கதை ஆராயப் போவதில்லை.

செல்வரத்தினம் யாழ்ப்பாணத்து மனிதர். ஆக்லாந்தில் இருபத்தாறு வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அறுபத்து மூன்று வயது. மகள் நிருஜா மவுண்ட் ஆல்பர்ட்டில் குடும்பத்தோடு இருக்கிறாள். பங்கஜம் அறுபதைத் தொட இன்னும் சில மாதம். மகன் சந்தீப்போடு ரானுயியில் இருக்கிறார். அவர் செல்வரத்தினத்தை 'டிரைவர் சார்' என்றுதான் கூப்பிடுவார். இரண்டரை வருடத்தில் ஒரு தடவைகூட அண்ணா என்று கூப்பிட்டதில்லை. இதைச் செல்வரத்தினம் கவனித்து வைத்திருந்தார். ஊரிலுள்ள அத்தனை தமிழ்ப் பெண்களும் அவரை அண்ணா, அண்ணை, அங்கிள் என்று ஏதாவது ஒன்றில் அடக்கிவிட்டிருந்தார்கள். இவர் ஒருவர்தான் வழியை அடைக்காமல் வைத்திருந்தார்.

பங்கஜத்திடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும் என்று செல்வரத்தினம் நினைக்கத் தொடங்கி ஒன்றரை வருடம். தோதான காலை வாய்க்கவில்லை. ஒருநாள் மழை. ஒருநாள் பங்கஜத்துக்கு ஜலதோஷம். ஒருநாள் எல்லாம் சரியாக இருந்தது, அதனாலேயே பயமாக இருந்தது.

இந்த மார்ச்சில் பச்சைச் சட்டை போட்ட பூங்காக் காவலர் ஒருவர் வந்து, மிகவும் மரியாதையாக, பங்கஜத்தின் கையிலிருந்த வல்லாரையை வாங்கிக்கொண்டு ஓர் அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார். "இந்நாட்டுத் தாவரத்தைப் பறித்தமைக்கான அன்பான முதல் நினைவூட்டல்" என்று அதில் அச்சிட்டிருந்தது. பின்பக்கம் ஒரு கிவிப் பறவை சிரித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் பங்கஜம் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. செல்வரத்தினம் துணிந்து போன் பண்ணினார்.

"நான் வரல டிரைவர் சார். சந்தீப் வேணாங்கறான். சிட்டிசன்ஷிப் கேட்டிருக்கற நேரத்துல ஏதாவது ஆகிடுமாம்."

"ஒரு இலைக்கோ?"

"ஒரு இலை இல்லையே. ஒரு பிடி."

"பறிக்காமல் சும்மா நடக்கலாம்தானே?"

"கண்ணுக்கு முன்னாடி வல்லாரை கிடக்கும், நான் குனியாம நடக்கணுமா? அது என்னால ஆகாது. பறிக்கலாம்னு அவங்களே சொல்லட்டும், அப்ப வரேன்."

அவர்கள் சொல்ல வேண்டியது இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு செல்வரத்தினம் ஹெண்டர்சனுக்கு ரயில் ஏறினார். மேற்குப் பூங்கா வனவுயிர் ஆணையத்தின் அலுவலகம் அங்கேதான் இருந்தது. அரை மணி நேர வேலை என்று நினைத்ததால் காலைச் சாப்பாடு சாப்பிடாமல் போனார்.

வரவேற்பு மேசையிலிருந்த பெண் அவருடைய கேள்வியைக் கேட்டுவிட்டு விதியாக்கப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே முதுநிலை ஆலோசகராக இருந்தவர் மகேசன். மலேசியத் தமிழர். மேசைமேல் காகிதங்கள் எல்லாம் விளிம்பு விலகாமல் அடுக்கியிருந்தன.

"அங்கிள், வல்லாரை பறிக்கலாம்னு ஒரு விதியும் இல்ல. விதியில இல்லாத ஒன்ன அனுமதிக்க முடியாது லா."

"அப்ப என்ன செய்யிறது?"

"புது விதி கொண்டு வரணும்."

"கொண்டு வாங்கோவன்."

மகேசன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்தபோது அவருடைய கண் கலங்கியிருந்தது.

"ஆறு வருஷமா இந்த நாற்காலில இருக்கேன், அங்கிள். பொதுமக்கள்ல ஒருத்தர்கூட வந்து எனக்கு ஒரு விதி வேணும்னு கேட்டதில்ல. எல்லாரும் விதிய எடுங்கன்னுதான் வர்றாங்க."

அலமாரியிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு பக்கப் புத்தகம் ஒன்றை இரண்டு கையாலும் எடுத்து வைத்தார். விதிகளை ஆக்குவதற்கான விதிகள்.

"இதில பூங்காவைப் பற்றி எவ்வளவு இருக்கு?" என்று கேட்டார் செல்வரத்தினம்.

"ஒன்னும் இல்ல. மரம், பறவை, மனுஷன் எதுவும் இல்ல. முழுக்க விதிகளப் பத்திதான். ரொம்ப சுத்தமான புத்தகம்."

பிறகு ஒரு படிவம் கொடுத்தார். பதினோரு கேள்விகள். ஒன்பதாவது, "இவ்விதி ஆக்கப்படாவிட்டால் உங்களுக்கு ஏற்படும் இழப்பு யாது?" செல்வரத்தினம் வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, "பெரிது" என்று எழுதினார்.

"எவ்வளவு பெரிசு? ஒன்னுலேருந்து அஞ்சுக்குள்ள சொல்லுங்க."

"தம்பி, நீர் கலியாணம் கட்டிட்டீரோ?"

"இன்னும் இல்ல, அங்கிள்."

"அப்ப அஞ்சு எண்டு போடும்."

வரைவு விதிக்கு 31 என்று எண் விழுந்தது. "ஒரு நபர் நாளொன்றுக்கு ஒரு கைப்பிடி வல்லாரை பறிக்கலாம்" என்பது அதன் முழு வாசகம். ஏப்ரலில் மகேசன் போன் பண்ணினார்.

"அங்கிள், நல்ல செய்தி. தாமதம் ஆகும். கைப்பிடின்னா எவ்வளவுன்னு புத்தகத்துல வரையறை இல்ல. அதனால ஒரு துணைக்குழு போட்டிருக்கோம்."

துணைக்குழு அலுவலகத்தில் பதினெட்டுப் பேருடைய கையை அளந்தது. சராசரி எடுத்தது. வந்த அளவு அந்தப் பதினெட்டுப் பேரில் யாருடைய கைக்கும் பொருந்தவில்லை. ஆகவே அந்த அளவில் பிளாஸ்டிக்கில் ஒரு கை செய்யக் கொடுத்தார்கள். அது வந்து சேர ஐந்து வாரம் ஆனது. வந்தது இடது கை. இடது கையை ஏற்பதா என்று தீர்மானிக்க இன்னொரு கூட்டம் நடந்தது. பங்கஜம் ஓடைக்கரையிலிருந்து அறுநூறு மீட்டரில் இருந்தார். அவருடைய கையை அளக்கலாமே என்று செல்வரத்தினம் சொன்னார். பயனாளியின் கையை அளவாகக் கொண்டால் அது பாரபட்சமாகும் என்று எழுத்தில் பதில் வந்தது.

மே மாதம் விளைவு அறிக்கைகள். விதியால் சிறுவணிகம் பாதிக்கப்படுமா என்று அறிய, ஒடாஹுஹுவில் இலங்கைச் சாமான் கடை வைத்திருப்பவரிடம் ஒரு அதிகாரி இருபது பக்கக் கேள்வித்தாளோடு போனார். வல்லாரை விமானத்தில் வரும்போதே மஞ்சளாகிவிடும், அதனால் தான் விற்பதில்லை என்றார் கடைக்காரர். "விற்காத ஒன்றின் விற்பனை குறைய வாய்ப்பில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது" என அறிக்கை முடிந்தது.

வேலைவாய்ப்புக்கும் ஒரு அறிக்கை உண்டு. அடுத்த ஐந்து வருடத்தில் இந்த விதியால் இரண்டு புதிய பதவிகள் உருவாகும். வல்லாரை பறிப்பதைக் கண்காணிக்க ஒருவர், கண்காணிப்பவரை மேற்பார்வை செய்ய ஒருவர். பொதுநன்மை என்ற தலைப்பில் மகேசன் தாமாகவே தேடிப் படித்து ஒரு வரி சேர்த்திருந்தார்: "வல்லாரை ஞாபகசக்தியை வளர்க்கும் என நம்பப்படுவதால், மக்கள் விதிகளை ஞாபகம் வைத்திருப்பார்கள்."

நிருஜா இதையெல்லாம் கேட்டுவிட்டு அப்பாவை உற்றுப் பார்த்தாள்.

"அப்பா, உங்களுக்கு வல்லாரை அவ்வளவு விருப்பமோ?"

"உடம்புக்கு நல்லதடி."

"ஓம், ஓம். உடம்புக்கு," என்று சொல்லிவிட்டு மேற்கொண்டு கேட்காமல் தேத்தண்ணி ஊற்றப் போனாள்.

ஜூலையில் பொது அறிவிப்பு. சம்பந்தப்பட்ட இடத்திலேயே மூன்று பலகை வைக்க வேண்டும் என்பது ஐம்பத்து நான்காவது விதி. சம்பந்தப்பட்ட இடம் ஒரு பாய் விரிக்கிற அளவுதான். ஆட்கள் வந்து மூன்று குழி தோண்டி, சிமெண்டு ஊற்றி, மூன்று பலகைகளை நட்டார்கள். சிமெண்டு காயும்வரை யாரும் மிதிக்காமலிருக்க மீதி இடத்தில் தார்ப்பாய் விரித்துக் கல் வைத்தார்கள். மூன்று வாரம் கழித்துத் தார்ப்பாயை எடுத்தபோது அங்கே வல்லாரை என்று சொல்லக்கூடியதாக எதுவும் இல்லை. பலகைகளில் வல்லாரையின் வண்ணப்படம் நன்றாக இருந்தது.

செல்வரத்தினம் பதறிப்போய் மகேசனுக்குச் சொன்னார்.

"கவலப்படாதீங்க அங்கிள். செடி இல்லேன்னாலும் விதி நிக்கும். ஒரு வகையில சுலபம். யாரும் மீற முடியாதில்ல."

"தம்பி, எனக்கு வேண்டியது..." என்று தொடங்கிய செல்வரத்தினம், வேண்டியது என்ன என்பதை மகேசனிடம் சொல்லிப் பயனில்லை என்று நிறுத்திக்கொண்டார்.

ஆகஸ்டில் பங்கஜத்திடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. "சந்தீப்புக்கு மெல்போர்ன்ல வேலை கிடைச்சிருக்கு. அக்டோபர் பதினேழு சனிக்கிழமை கிளம்பறோம். நானும்தான்." அந்த 'நானும்தான்' தனி வரியில் இருந்தது.

செல்வரத்தினம் பதில் எழுதினார். அழித்தார். மறுபடி எழுதினார். போகாதேங்கோ என்று எழுதிப் பார்த்து, அதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று அழித்தார். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பினார். அனுப்பிய மறுநிமிடம் அது எவ்வளவு பெரிய பிழை என்று தெரிந்தது. ஆனால் கட்டைவிரலை எப்படித் திரும்ப வாங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.

பொது விசாரணை அக்டோபர் பதினைந்து, வியாழக்கிழமை என்று கடிதம் வந்திருந்தது. விசாரணையில் அனுமதி கிடைத்துவிட்டால் வெள்ளிக்கிழமை காலை பங்கஜத்தைப் பூங்காவுக்குக் கூப்பிடலாம். கூப்பிட்டால், கேட்டுவிடலாம். செல்வரத்தினத்துக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரு காலைதான்.

இதற்கிடையில் செப்டம்பரில் வனவுயிர்ப் பிரிவு விழித்துக்கொண்டது. பூங்காவில் புக்கேக்கோக்கள் உண்டு. நம்மூர் நீலத் தாழைக்கோழிக்கு உறவு, சிவந்த அலகும் நீண்ட காலுமாக ஓடையோரம் நடந்து திரிபவை. அவை வல்லாரையை நம்பி வாழ்கின்றனவா என்று பார்க்காமல் விதி ஆக்க முடியாது. வல்லாரை இருந்த இடத்தை நோக்கிக் கேமரா பொருத்தி இருபத்தொரு நாள் படம் பிடித்தார்கள். நாற்பத்தாறு பக்க அறிக்கை ஆணையத்தின் இணையதளத்தில் வெளியானது. நியூசிலாந்து முழுவதிலும் அதை இரண்டு பேர் படித்தார்கள். ஒருவர் மகேசன். இன்னொருவர் யார் என்று விசாரணை நாளில்தான் தெரிந்தது.

விசாரணை மாவோரி வேண்டுதலோடு தொடங்கியது. அன்றைக்குச் சுருக்கமாகவும் பொருளோடும் சொல்லப்பட்டது அது ஒன்றுதான். ஐந்து ஆணையர்கள் உயரமான மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பிளாஸ்டிக் கை நிமிர்ந்து நின்றது. தலைவி லொரெய்ன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசினார்.

"நாங்கள் ஒரு கேட்கும் அமைப்பு. பதினோரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். கேட்டதை வைத்து அவசரப்பட்டு எதையாவது செய்துவிட்டோம் என்று எங்கள்மேல் யாரும் குற்றம் சொல்ல முடியாது. முடிவெடுப்பது சுலபம். ஆனால் முடிவெடுத்த அன்றைக்குக் கேட்பது நின்றுவிடும். அந்த இழப்பை இந்தச் சமூகம் தாங்காது."

மற்ற நான்கு ஆணையர்களும் தலையசைத்தார்கள். ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டார்.

பொதுமக்களிடமிருந்து மூன்று கருத்துகள் வந்திருந்தன. ஒருவர் வல்லாரை ஏதோ நாயினம் என்று எண்ணி, அதைக் கயிற்றில் கட்டி அழைத்து வந்தால் ஆட்சேபமில்லை என்று எழுதியிருந்தார். ஒருவர் பூங்காவில் வண்டி நிறுத்த இடம் போதாது என்றார். மூன்றாவது கருத்து மகேசன் அனுப்பியது. வரைவு மிக நேர்த்தியாக இருப்பதாகச் சொன்னது.

பிறகு ஆணையத்தின் வழக்கறிஞர் எழுந்தார். இந்த விதியின் ஒரே பயனாளி நாளை மறுநாள் நாட்டைவிட்டுப் போகிறார் என்று ஆணையத்துக்குத் தெரியவந்திருப்பதால், விளைவு அறிக்கைகளில் 'ஒருவர்' என்று வரும் இடமெல்லாம் 'யாருமில்லை' என்று மாற்ற வேண்டும். அப்படி மாற்றினால் அது புதிய வரைவாகிவிடும். ஆகவே அடுத்த விசாரணை மார்ச்சில்.

செல்வரத்தினத்துக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள். மேசையில் பச்சை விளக்கு எரிந்தது. அவர் எழுதிக்கொண்டு வந்திருந்த தாளைப் பிரித்தார். ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றார். வல்லாரையைப் பற்றி இரண்டு பக்கம் இருந்தது. ஒரு வரி படித்தார். அடுத்த வரி படிக்கவில்லை. வெள்ளிக்கிழமைக் காலை அவருடைய கையைவிட்டுப் போய்விட்டிருந்தது.

அப்போது பின்கதவு திறந்தது. நீலச் சேலைக்கு மேல் ஸ்வெட்டர், காலில் நடைச் சப்பாத்து, கையில் தடித்த காகிதக்கட்டு. பங்கஜம் நேரே நடுவழியில் நடந்து வந்தார்.

"நீங்கள் பாதிக்கப்பட்ட தரப்பா?" என்று கேட்டார் தலைவி.

"யெஸ்," என்றார் பங்கஜம். பிறகு தலைவியை விட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார்.

"டிரைவர் சார், புக்கேக்கோ அறிக்கை. இணைப்பு மூணு. 'பிற நடமாட்டங்கள்'. படிக்கட்டுமா? முள்ளெலி, ரெண்டு. அடுத்தது, வளர்ந்த ஆண் மனிதர், ஒன்று. தினமும் காலை ஆறு ஐம்பதுக்கு வருகிறது. ஒரே பெஞ்சில் உட்காருகிறது. பாதையின் கிழக்கு முனையையே பார்க்கிறது. ஏழு நாற்பதுக்கு எழுந்து போகிறது. இரை தேடுவதாகத் தெரியவில்லை. துணையை எதிர்பார்க்கும் நடத்தையாக இருக்கலாம். மேலும் ஆராய வேண்டும்." மூச்சு வாங்கிக்கொண்டார். "இது யாரு?"

"முகத்தை மறைச்சிருக்கினமே," என்றார் செல்வரத்தினம் மெல்ல.

"முகத்த மறைச்சா ஆச்சா? அந்தக் கம்பளிக் குல்லாவைப் பின்னிக் குடுத்தது யாரு? இருபத்தோரு நாளும் அதைப் போட்டுக்கிட்டு உக்கார்ந்திருக்கீங்க. நான் வரமாட்டேன்னு தெரியும்ல?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு?"

"ஒருவேளை வருவியள் எண்டு."

"என்கிட்ட போன் இருக்கு, சார். மெல்போர்ன் போறேன்னு நானா மெசேஜ் போட்டேன். அதுக்கு ஒரு கட்டைவிரல் அனுப்பறீங்க. அந்தக் கட்டைவிரல மூணு நாள் எடுத்து எடுத்துப் பார்த்தேன், இதுக்குள்ள வேற ஏதாவது இருக்கான்னு." கையிலிருந்த காகிதக்கட்டால் ஆணையர்கள் பக்கம் காட்டினார். "இவங்க ஏழு மாசமா இழுக்கறாங்கன்னு ஊரெல்லாம் சொல்றீங்களே. இவங்களாவது மூணு போர்டு நட்டு, இதுதான் விஷயம்னு எழுதிப் போட்டாங்க. நீங்க? ரெண்டரை வருஷத்துல ஒரு அறிவிப்பு உண்டா?"

அறையில் தமிழ் தெரிந்தவர்கள் மூன்று பேர்தான். தலைவி மூன்றாமவரைப் பார்த்தார்.

"மகேசன், அந்த அம்மையார் என்ன சொல்கிறார்?"

மகேசன் எழுந்து நின்று டையைச் சரிசெய்தார். "கலந்தாலோசனைக் காலம் மிகவும் நீண்டுவிட்டது என்று ஆட்சேபிக்கிறார்."

"அது பலரும் சொல்வதுதான்," என்று தலைவி பெருந்தன்மையோடு தலையசைத்தார். "திரு. செல்வரத்தினம், உங்களுக்கு இன்னும் நாற்பது விநாடி இருக்கிறது. உங்கள் கோரிக்கை என்ன என்பதைச் சொல்லி முடித்துவிடலாம்."

பச்சை விளக்கு மஞ்சளாகியது. செல்வரத்தினம் கையிலிருந்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். ஒலிவாங்கியை விட்டு விலகி பங்கஜத்துக்கு எதிரே வந்து நின்றார்.

"பங்கஜம், சந்தீப் போகட்டும். நீங்கள் போகாதேங்கோ," என்றார். "என்ர வீட்டில வந்து என்னோட இருங்கோ. நாங்கள் ரெண்டு பேரும் கலியாணம் எழுதுவமோ?"